கொரோனாவும் கல்லீரலும்

கொரோனா என்றால் மூச்சுத் திணறல்தான் நினைவுக்கு வரும். அது நுரையீரலைத் தாக்கும் நோய். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கல்லீரலையும் பாதிக்கும். இது பலருக்குத் தெரியாது.

கல்லீரல் என்ன வேலை செய்கிறது?

வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்கு உள்ளே கல்லீரல் இருக்கிறது. அதன் எடை சுமார் ஒன்றரை கிலோ. உணவு செரிக்கப் பித்தநீர் தருகிறது. சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. நாம் விழுங்கும் மருந்தும், குடிக்கும் சாராயமும் அங்கேதான் முறிக்கப்படுகின்றன.

கொரோனா வந்தால் என்ன ஆகும்?

2020-இல் இந்தியாவில் கொரோனா பரவியது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பலருக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு அளவுகள் கூடியிருந்தன. கல்லீரல் புண்பட்டால் இந்தப் பொருள்கள் இரத்தத்தில் கசியும்.

கல்லீரல் ஏன் புண்படுகிறது? காரணம் ஒன்று அல்ல. கிருமியே கல்லீரலைத் தாக்கலாம். நுரையீரல் கெட்டால் இரத்தத்தில் பிராணவாயு குறையும். அப்போது கல்லீரலும் தவிக்கும். கிருமியோடு உடல் போராடும்போது, அந்தப் போராட்டம் மிஞ்சினால் உடலுக்கே கேடு. கொடுக்கும் மருந்தும் சில நேரம் சுமையாகும்.

பயப்பட வேண்டுமா? பெரும்பாலோருக்குப் பாதிப்பு லேசானதுதான். கொரோனா குணமானதும் கல்லீரலும் தேறிவிடும். ஆனால் நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு இந்த அளவுகள் அதிகம் ஏறும். அது ஓர் எச்சரிக்கை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முன்பே கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம். நீண்ட நாள் குடி இதற்கு ஒரு காரணம். பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள் இன்னொரு காரணம். கல்லீரலில் கொழுப்புச் சேர்வதும் காரணம்.

கொரோனா வந்த கல்லீரல் நோயாளிகள் 745 பேரின் விவரத்தை 29 நாடுகளின் மருத்துவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். கல்லீரல் சுருங்காதவர்களில் 100-க்கு 8 பேர் இறந்தார்கள். சுருங்கியவர்களில் 100-க்கு 32 பேர் இறந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் நுரையீரல் செயலிழந்தே இறந்தார்கள். கெட்ட கல்லீரல் உடலின் வலுவைக் குறைத்துவிடுகிறது.

நாமே மருந்து சாப்பிடலாமா?

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் நல்ல மருந்து. அளவு மீறினால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும். காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று என்று கடையில் வாங்குகிறோம். பெயர் வேறு. ஆனால் இரண்டிலும் பாரசிட்டமால் இருக்கலாம். அப்போது அளவு இரட்டிப்பாகும்.

பச்சிலை மருந்திலும் கவனம் வேண்டும். கொரோனா காலத்தில் பலர் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்தார்கள். அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் கண்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது என்றது. எந்த மருந்தானாலும் கேட்டுச் சாப்பிடுவதே நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் கிருமி ஒழியவில்லை. ஆகவே கவனம் தேவை.

கல்லீரல் நோய் உள்ளவர் காய்ச்சல், இருமல் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்கக் கூடாது. சாப்பிடும் மருந்துகளையும் கஷாயத்தையும் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் மருத்துவர் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

கண் மஞ்சளாகிறதா? சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா? வயிறு வீங்குகிறதா? ஓயாத வாந்தியா? நோயாளி நினைவு தடுமாறுகிறாரா? இவை கல்லீரல் கெடுவதன் அடையாளங்கள். காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

மறைக்காமல் சொன்னால் மருத்துவம் எளிது. காலத்தில் போனால் உயிர் பிழைக்கும்.