பீடிக்கும் ஒரு கணக்கு நோட்டு



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேச வரவில்லை. ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். வரவு செலவுக் கணக்கு இல்லை. தினந்தோறும் நாம் செய்கிற ஒரு பழக்கத்தை எண்ணி, எழுதி, அந்த எண்களைக் கூட்டி வகுத்துப் பார்க்கிற கணக்கு.

எண்ணுவது நமக்குப் புதிதில்லை. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்கின பரம்பரை நாம். பால் ஊற்றின கணக்கை வீட்டுப் பெண்கள் அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அரைப்படி கூடக் குறையாது. நெல்லை எண்ணுகிறோம், பாலை எண்ணுகிறோம். நம்மை நாம் எண்ணிப் பார்ப்பதுதான் கிடையாது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயி. பேர் வேண்டாம். வயது 41, கிணற்றுப் பாசனம் 2 ஏக்கர். வீட்டிலிருந்து வயலுக்கு நடந்தால் பாதி வழியிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வரப்பில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆற்றிக்கொண்டுதான் மறுபடி நடப்பார். நரம்பு இழுப்பு என்று தைலம் தேய்த்தார். கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பாதத்தில் விரலை வைத்து நாடி பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “ஒரு நாளைக்கு எத்தனை பீடி?”

“எட்டுங்க. மிஞ்சிப் போனா பத்து.”

கை கால்களில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கி அடைபட்டுப் போகிற நோய் அது. 1908-இல் லியோ பர்ஜர் என்ற டாக்டர் இதை விவரமாக எழுதியதால் பர்ஜர் நோய் என்று பெயர். பெரும்பாலும் ஐம்பது வயதுக்குள் இருக்கிற, புகைக்கிற ஆண்களுக்கு வருவது. புகையிலையை அடியோடு விட்டால் நோய் பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கும். விடாவிட்டால் முதலில் விரல் போகும், அப்புறம் கால். டாக்டர் இதை ஒளிக்காமல் சொல்லி அனுப்பினார்.

மண் பரிசோதனை விஷயமாக என்னிடம் வந்தவர் இதையும் சொன்னார். “சார், எட்டு பீடிக்கா கால் போகும்? அதுல புகையிலையே துளியூண்டுதானே இருக்கு?”

துளியூண்டு என்பது சரிதான். சிகரெட்டைவிடப் பீடியில் புகையிலை குறைவு. ஆனால் பீடி அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். சுற்றியிருக்கிற இலையும் காற்றை விடாது. அதனால் உள்ளே போகிற நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அதைச் சொல்லிவிட்டு, “எட்டுன்னு எப்படித் தெரியும் அண்ணே?” என்று கேட்டேன்.

“குத்துமதிப்பா நமக்குத் தெரியாதா சார்?”

இந்தக் குத்துமதிப்பில்தான் கோளாறு. அவர் பொய் சொல்லவில்லை. ஞாபகம் என்பது மெத்தனமான கணக்குப்பிள்ளை. குறைவாக இருந்த நாளை எழுதிக்கொள்ளும், கூடின நாளை விட்டுவிடும். சட்டைப் பையில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன நோட்டும் பென்சில் துண்டும் கொடுத்தேன். ராத்திரி படுக்கும்போது அன்றைய எண்ணிக்கையை எழுதச் சொன்னேன்.

அது என் தப்பு. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் 10, 10, 15 என்று இருக்கிறது. எல்லாம் ஐந்து பத்தில் முடிகிற எண். மழைமானிப் பதிவேடு பார்த்துப் பழகினவர்களுக்கு இது உடனே உறைக்கும். நம் நாட்டில் மழையைத் தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து அப்போதே எழுத வேண்டும். அளக்காமல் அப்புறம் நினைத்து எழுதினால் 5, 10, 20 என்று உருண்டை எண்ணாகத்தான் வரும். வானம் அப்படி உருட்டிப் பெய்யாதுங்க.

ஆகவே முறையை மாற்றினோம். பீடியைப் பற்ற வைப்பதற்கு முந்தி ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. பக்கத்தில் இடத்துக்கு ஒரு எழுத்து: டீக்கடை என்றால் ‘டீ’, மோட்டார் கொட்டகை என்றால் ‘மோ’, சந்தைக்கு ‘ச’, வீட்டுக்கு ‘வீ’, வயலுக்கு ‘வ’. நோட்டை மறந்து வைத்த நாளில் பெருக்கல் குறி போடு, சுழியம் போடாதே என்றும் சொன்னேன். எழுதாத நாள் வேறு, குடிக்காத நாள் வேறு. மழைப் பதிவிலும் இதே விதிதான்.

முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 14, 12, 13, 22, 13, 15, 16. கூட்டினால் 105. ஏழால் வகுத்தால் நாளுக்கு 15. எட்டு என்று சொன்ன மனுஷனுக்கு முகம் வெளுத்துப் போச்சு.

சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. வரிசைப்படுத்துங்கள்: 12, 13, 13, 14, 15, 16, 22. நடுவில் நிற்பது 14. சராசரி அதைவிட ஏறி நிற்கக் காரணம் அந்த ஒரு 22. அது வியாழக்கிழமை, சந்தை நாள். ஒரு கதிர் மட்டும் நீளமாக இருந்தால் மொத்த வயலின் சராசரியும் கொஞ்சம் ஏறுவது போல. அதனால்தான் சராசரியோடு நடு எண்ணையும் பார்க்கச் சொல்வது.

இரண்டாம் வாரம் 98. எண்ணுகிறோம் என்ற நினைப்பிலேயே கை கொஞ்சம் தயங்கும், அதனால் இறங்கியிருக்கலாம். மூன்றாம் வாரம் அவருக்கு ராத்திரி முறையில் த்ரீ பேஸ் கரண்ட். கடலைக்குத் தண்ணீர் விட ராத்திரி முழுக்கக் கொட்டகையில் காத்துக் கிடந்தார். அந்த வாரம் 126, நாளுக்கு 18. அந்த வாரக் கடைசியில்தான் வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது.

பயந்து போய் சந்தையில் யாரோ விற்ற ‘பீடியை மறக்க வைக்கும் பொடி’யை வாங்கித் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். நாலாம் வாரம் 105. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “சார், 126-லேர்ந்து 105! பொடி வேலை செய்யுது!”

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விதை விற்கிறவர், டானிக் விற்கிறவர், தாயத்து கட்டுகிறவர் எல்லாரும் நம்மைப் பிடிப்பது இந்த இடத்தில்தான். மூன்றாம் வாரம் வழக்கத்துக்கு மீறின வாரம். ராத்திரி முறை முடிந்து பகல் முறை வந்தால், பொடி தின்றாலும் தின்னாவிட்டாலும் பழைய அளவுக்கு அது தானாக இறங்கும். 105 என்பது முதல் வாரத்து அதே 105-தானே! ஆனால் நாம் மருந்து தேடுவது எப்போது? நிலைமை ரொம்ப மோசமாக இருக்கிற வாரத்தில். அதற்கப்புறம் வருவது அநேகமாக அதைவிட நல்ல வாரமாகத்தான் இருக்கும். பேரை மருந்து தட்டிக்கொண்டு போகும்.

பிரான்சிஸ் கால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1875-இல் ஸ்வீட் பீ என்ற பூச்செடியின் விதைகளை எடை வாரியாகப் பிரித்து, நண்பர்களுக்குக் கொடுத்துப் பயிர் செய்யச் சொன்னார். பெரிய விதை போட்ட செடியின் விதைகள் சராசரியில் தாய் விதை அளவுக்குப் பெரிதாக இல்லை. சிறிய விதை போட்டதிலிருந்து வந்தவை தாயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. ஓரத்துக்குப் போனது நடுவை நோக்கித் திரும்புகிறது. பீடிக் கணக்கிலும் நடந்தது அதுதான்.

அப்படியானால் ஒரு பொடியோ தீவனமோ நிஜமாகவே வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்று ஒரு ஆராய்ச்சிப் பண்ணை. 1843 முதல் அங்கே பயிர்ச் சோதனை நடக்கிறது. 1919-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணித நிபுணர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை நம் இஷ்டத்துக்கு வைக்காமல், சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்று நிலைநாட்டியவர் அவர். நல்ல பாத்திக்கு நல்ல உரம் என்று நம் கை தன்னை அறியாமல் போவதை அது தடுக்கிறது.

உங்கள் கொட்டிலிலும் செய்யலாம். இரண்டு கறவை மாடு மட்டும் இருந்தால், எட்டு சீட்டில் நாலில் ‘உண்டு’, நாலில் ‘இல்லை’ என்று எழுதிக் குலுக்குங்கள். வாரத்துக்கு ஒரு சீட்டு. ‘உண்டு’ வந்த வாரம் தாதுஉப்புக் கலவை, ‘இல்லை’ வந்த வாரம் வெறும் தீவனம். மாறின முதல் இரண்டு மூன்று நாள் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பழைய தீவனத்தின் பலன் மிச்சம் இருக்கும். எட்டு வாரம் கழித்து இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். நாளுக்கு நாள் கால் லிட்டர் தானாகவே ஏறி இறங்குகிற மாட்டில், கால் லிட்டர் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு மூட்டை வாங்க ஓடாதீர்கள்.

பொடிக்கு அந்தச் சோதனையை நாங்கள் செய்யவில்லை. காலில் புண்ணை வைத்துக்கொண்டு எட்டு வாரம் சோதனை பார்க்க நேரம் ஏது? உண்மையைச் சொன்னால், நாலு வாரம் எண்ணிக்கொண்டிருந்ததே அதிகம். எண்ணுவதே ஒரு சாக்காகப் போய்விடும். ‘பார்த்துக்கிட்டுதானே இருக்கோம்’ என்று மனசு சமாதானம் சொல்லும். ஒரு வாரம் எண்ணியதும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்த விஷயத்தில் எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு.

புண்ணைப் பார்த்த டாக்டர் குறைப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த நோய்க்குப் பாதியாகக் குறைத்தால் பாதி ஆபத்து என்கிற கணக்குக் கிடையாது. ஒன்றும் கூடாது என்றார். நோட்டு உதவினது இங்கேதான். நாலு வாரத்து 434 பீடியையும் இடவாரியாகக் கூட்டினோம். டீக்கடை 156, மோட்டார் கொட்டகை 121, வீடு 67, சந்தை 49, வயல் 41.

அவர் திகைத்துப் போனார். “வேலை அசதிக்குத்தான் குடிக்கிறேன்னு நெனச்சேன் சார்.” வேலை செய்கிற வயலில்தான் ரொம்பக் குறைவு! உட்கார்ந்து காத்திருக்கிற இடத்தில்தான் பீடி எரிந்திருக்கிறது. வியாழக்கிழமை நாலையும் தனியே எடுத்தால் நாளுக்கு இருபத்திரண்டரை. மற்ற 24 நாளுக்குப் பதினாலுக்குச் சற்று மேல்.

ஆகவே எங்கே அணை கட்டுவது என்று தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டார். அன்று முதல் டீ வீட்டில்தான். சந்தைக்கு மகன். ராத்திரி முறைக்குப் பங்காளி துணைக்கு வந்து உட்கார்ந்தார், மடியில் வறுத்த கடலை. ஆஸ்பத்திரியில் பேசி ஆலோசனை சொல்கிறவர் ஒருவர் இருந்தார், அவரிடமும் போனார். அந்த வசதி பக்கத்தில் இல்லாதவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம். புகையிலையை விட விரும்புகிறவர்களுக்காகவே மத்திய அரசு ஏற்படுத்தினது.

விட்ட முதல் வாரத்து எண்கள்: 0, 0, 3, 0, 0, 0, 0. மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது, துணைக்கு வந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த 3-ஐ மறைக்காமல் எழுதினார் பாருங்கள், அதற்காகவே அவரை மெச்ச வேண்டும். இங்கே சராசரி உதவாது. நாளுக்கு அரைப் பீடிக்கும் குறைவு என்று போட்டு என்ன பிரயோசனம்? சுழியம் எத்தனை நாள், தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். முதலில் 2 நாள், அப்புறம் ஒரு சறுக்கல், அப்புறம் 19 நாள், ஒரு கல்யாண வீட்டில் 2, அதற்கப்புறம் சறுக்கல் இல்லை.

சுண்டுவிரல் நுனியை எடுக்க வேண்டித்தான் வந்தது. கால் இருக்கிறது. போன மாதம் அவர் வயலுக்குப் போயிருந்தேன். கொட்டகைக் கதவுக்குப் பின்னால் அதே நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. பீடிக் கோடு நின்ற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், மோட்டார் ஓடின மணி ஒரு பத்தியிலும் கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது அடுத்த பத்தியிலும் இருந்தன. எழுத்து அவருடையதில்லை, அந்த அம்மாவுடையது. “இவர் எழுதினா மறுபடியும் பத்து, பதினஞ்சுன்னு போட்டுடுவாருங்க சார்” என்றார்கள்.