நாற்காலியோடு ஏறும் வண்டி

நடக்க இயலாதாரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிச் செல்லும் வண்டிகள் அமெரிக்க நாட்டில் பெரிதும் வழங்குகின்றன. சிறு வேனின் அடித்தளத்தை அறுத்துத் தாழ்த்திச் சாய்வுப் பலகை பொருத்தி இவற்றை அமைப்பர். அதற்காகும் செலவு மிகுதியாதலின், குடும்பத்தார் பலர் பிறர் பயன்படுத்திய வண்டியையே நாடுகின்றனர்.

அங்ஙனம் வாங்கப் புகுவோர் முதற்கண் நோக்க வேண்டுவது பொறியை அன்று, அதில் அமர்வோரையே. அவர் நாற்காலியில் அமர்ந்திருக்குங்கால், தரையினின்று உச்சந்தலை வரை அளத்தல் வேண்டும். வாயிலின் உயரம் அவ்வளவினும் மிகுந்திருத்தல் இன்றியமையாதது. வளரும் பிள்ளையாயின், இன்று தடையின்றி நுழையும் தலை ஈராண்டில் இடிக்கவும் கூடும். விற்போர் வெறும் நாற்காலியை உருட்டிக் காட்டுதல் போதாது. அமர்வோரையே உடன் அழைத்துச் சென்று ஏற்றிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது அடிப்புறம். பனி மிகும் வட மாநிலங்களில், சாலையிற் படிந்த பனி உருகுதற்பொருட்டு உப்புத் தூவுவர். அவ்வுப்பு தாழ்த்திய தளத்தின் இணைப்புகளிற் படிந்து இரும்பை அரிக்கும். மேற்பூச்சு மின்ன, கீழே தளம் இற்றுக் கிடக்கும். வண்டியை உயர்த்திப் பாராதார் இதனை அறியார்.

நாற்காலியைத் தளத்தோடு பிணிக்க நான்கு வார்கள் உண்டு. அவை நாற்காலியைக் காக்குமேயன்றி அமர்ந்தாரைக் காவா; அவர்க்குத் தனி வார் வேண்டும். மின்விசையால் இயங்கும் பலகை, மின்கலம் சோர்ந்த வேளையில் கையால் விரியுமா என்பதையும் அங்கேயே இயக்கிப் பார்த்தல் நன்று.