ஏ.ஐ. கடைமடைக்கு வருமா?



கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்கு உடனே பாயும். கடைமடையான நம்ம பேராவூரணிக்கு வந்து சேர எவ்வளவு நாளாகும் என்பது உங்களுக்கே தெரியும். செயற்கை நுண்ணறிவும் உலகத்தில் இப்படித்தான் பாய்கிறது.

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன?

டி.வி.யில் ஏ.ஐ. என்கிறார்களே, அதுதான். ஏராளமான எழுத்து, பேச்சு, படங்களைக் கொடுத்துப் பழக்கிய கம்ப்யூட்டர், நாம் கேட்பதற்கு மனிதர் போலவே பதில் சொல்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இது வேகமாகப் பரவியது.

எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியா?

இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2017-லேயே இதற்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. அங்கேயும் சிங்கப்பூரிலும் மக்கள் இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் ஆப்பிரிக்காவில் பல கிராமங்களுக்கு இன்னும் கரண்டே வரவில்லை. இந்தியாவில் பயன்படுத்துவோர் நிறைய பேர்தான். ஆனால் நம் ஜனத்தொகைக்கு அது கம்மி.

மொழியும் ஒரு காரணம். இங்கிலீஷில் பழகிய அளவுக்கு ஏ.ஐ. தமிழில் பழகவில்லை. இதைச் சரிசெய்ய மத்திய அரசு 2022-ல் 'பாஷிணி' திட்டத்தைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் வந்த 'கிசான் இ-மித்ரா'வில், பி.எம். கிசான் 6,000 ரூபாய் பற்றித் தமிழிலேயே கேட்கலாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு கடைமடை

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையாவது இன்டர்நெட் பயன்படுத்தியவர்கள் 100 ஆண்களில் 57 பேர். 100 பெண்களில் 33 பேர்தான். "எனக்கு எதுக்கு இதெல்லாம், பையன் பாத்துக்குவான்" என்று நாம் ஒதுங்கினால், ஊருக்கு வந்த தண்ணீர் நம் வயலுக்கு வராது. வாய்க்காலை நாம்தானே தூர்வாரணும்!

நாம் என்ன செய்யலாம்?

• மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போன் வைத்திருக்கும் உறுப்பினர் மற்றவர்களுக்குக் காட்டட்டும். மைக் குறியைத் தொட்டுப் பேசினாலே போதும், எழுத வேண்டியதில்லை.

• ஏ.ஐ. தப்பாகவும் சொல்லும், அதையும் அடித்துச் சொல்லும். உரம் என்றால் வேளாண் அலுவலரிடமும், உடம்புக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கடன் என்றால் வங்கியிலும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

• பாஸ்புக் நம்பர், ஏ.டி.எம். ரகசிய எண், குழுக் கணக்கு விவரம் எதையும் அதில் சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகளையும், அதற்கு வந்த பதில்களையும் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்திற்கு நாங்கள் வரும்போது, எது சரி, எது தப்பு என்று சேர்ந்து பார்ப்போம்.