கழுவேலிக்கு ஒரு நாள்



பறவை பார்க்கணும்னா நம்மில் பலருக்கு வேடந்தாங்கல்தான் ஞாபகம் வரும். ஆனா நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே, திண்டிவனத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில், மரக்காணம் பக்கத்தில் கழுவேலி இருக்கிறது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல்! தென்னிந்தியாவில் பழவேற்காடு ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான் என்கிறார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. (ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். 1971-இல் அங்கேதான் சதுப்பு நிலங்களைக் காப்பதற்கான உலக ஒப்பந்தம் கையெழுத்தானது.)

"அங்க என்ன இருக்கு, வெறும் சேறுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சேறுதான் விஷயமே!

வடகிழக்குப் பருவமழையில் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி, உபரி நீர் எல்லாம் கழுவேலியில் வந்து விழும். அப்போது நல்ல தண்ணீர். மழை நின்ற பிறகு அது மெல்ல வற்றும். மறுபக்கம் எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உப்புக்கல்லி ஓடையில் ஏறி உள்ளே வரும். அதனால் ஒரே ஏரியில் ஒரு பக்கம் சம்பு முளைக்கும், இன்னொரு பக்கம் அலையாத்திச் செடி வளரும்.

தண்ணீர் எவ்வளவு ஆழமோ அதற்கேற்ற பறவை. கால் நனையும் அளவு சேற்றில் உள்ளான்கள் குத்திக் குத்திப் புழு எடுக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் மஞ்சள்மூக்கு நாரை நிற்கும். பாதி திறந்த அலகை அது தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டே இருக்கும், மீன் பட்டதும் டக்கென்று மூடிவிடும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொடு உணர்ச்சிதான். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகாலேயே சேற்றுநீரைச் சலித்துச் சாப்பிடும். அதன் இளஞ்சிவப்பு நிறம்கூட தின்கிற பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருவதுதான். ஆழமான இடத்தில் கூழைக்கடா மிதக்கும். வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் குளிர்காலம் முழுக்க இங்கே தங்கும்.

இதனால்தான் "ஏரி முழுசையும் தூர்வாரி ஆழமாக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பக்கென்கிறது. பாசன ஏரிக்கு அது சரி. ஆனா கழுவேலி முழுக்க ஆழமானால் குட்டைக்கால் உள்ளானுக்கு நிற்க இடம் ஏது? அதே சமயம், கரையோர விவசாயிக்கு உப்பு ஏறக் கூடாது, இறால் பிடிக்கிறவர்களுக்குக் கடல்நீர் வரணும். மூன்று பேருக்கும் ஒரே தண்ணீர்! சரணாலயம்னு பலகை வைத்ததும் இது தீர்ந்துவிடாது.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். திண்டிவனத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து மரக்காணம் போயிடுங்க. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே அனுமந்தை பக்கம் போனால், சாலைக்கு மேற்கே ஏரி. காலை ஒன்பது மணிக்குள் பார்த்தால்தான் உண்டு. பச்சை, காக்கி மாதிரி மங்கலான நிறத்தில் சட்டை போடுங்க. கல் எறிந்து பறக்க விட்டுப் பார்க்காதீங்க, பாவம், ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்திருக்கு. யாராவது கண்ணி வைத்துப் பிடிப்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்க. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

வெயில் ஏறியதும் மரக்காணம் உப்பளம் பார்க்கலாம். சாயங்காலம் வடக்கே ஆலம்பரைக் கோட்டை. 1760-இல் ஆங்கிலேயர் இடித்தது, மிச்சச் சுவர் கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் கிடங்கில் நம்ம திண்டிவனம், எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்று அறிஞர்கள் சொல்வதைத் தமிழ் ஐயாவிடம் கேட்டுப் பாருங்க.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, ஈபேர்டு தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். நம்ம பள்ளியிலிருந்தும் ஒரு குழு கழுவேலிக்குப் போகலாமே! வர்றவங்க அறிவியல் டீச்சர்கிட்ட பெயர் கொடுங்க.