தொட்டிக் கணக்கும் மாயத் தங்கமும்

மாணவர்களே, கீழ்வகுப்பில் போட்ட ஒரு கணக்கைச் சற்று நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஒரு குழாய் ஒரு தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும். அடியிலுள்ள வடிகால் அதே தொட்டியை 6 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் ஒருங்கே திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்? விடை 12 மணி நேரம். “வடிகாலைத் திறந்து வைத்துக்கொண்டு எவனாவது தண்ணீர் பிடிப்பானா?” என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டு ஆசிரியரிடம் குட்டு வாங்கினான். அவன் கேட்டது தவறான கேள்வியன்று. அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் இணையவழி விளையாட்டுகளை அமைப்பவர்கள்.

இவ்விளையாட்டுகளில் நீங்கள் ஒரு வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்கிறீர்கள். உலகின் பல மூலைகளில் உள்ளவர்கள் அதே கற்பனை நாட்டில் உங்களுடன் உலவுகிறார்கள். அரக்கனைக் கொன்றால் தங்கக் காசு கொட்டும். ஊருக்குள் கடைக்காரர் இருப்பார். அவர் மனிதரல்லர், கணிப்பொறிக்குள் எழுதப்பட்ட ஒரு கட்டளைத் தொகுப்பு. நீங்கள் கொண்டுவரும் பொருளை வாங்கிக்கொண்டு காசு தருவார்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, அந்தக் கணத்தில் பிறந்தது! ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்த நமக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற விளையாட்டை அமைத்தவர்களுக்கும் உறுத்தியிருக்கிறது. ராஃப் காஸ்டர் முதலிய அதன் வடிவமைப்பாளர்கள், நாட்டிலுள்ள மூலப்பொருளின் மொத்த அளவு மாறாதபடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆட்டின் உடலில் இவ்வளவு கம்பளி என்று கணக்கு. கம்பளி சட்டையாகும். சட்டை அழிந்தால் அந்தக் கம்பளி பொதுக் கிடங்குக்குத் திரும்பி, மறுபடி ஓர் ஆடு பிறக்கும். மழையும் கடலும் மேகமும் போன்ற சுழற்சி. அழகான எண்ணந்தான்.

ஆனால் மனித இயல்பு கணக்கில் விடுபட்டுப் போயிற்று. சட்டை தைக்கத் தைக்கத் தையல் திறமை உயரும் என்பது விளையாட்டின் விதி. ஆகவே தேவை இருந்ததோ இல்லையோ, சட்டைகள் குவிந்தன. கையிருப்பு மிகுந்ததும் கடைக்காரர் வாங்க மறுத்தார். உழைத்துத் தைத்தவர்களுக்குக் கோபம் வந்தது. பலர் பொருள்களைப் பெட்டிகளில் அடைத்து வீட்டில் பூட்டி வைத்தார்கள். கம்பளி கிடங்குக்குத் திரும்பவில்லை. புதிய ஆடுகளும் பிறக்கவில்லை. கடைசியில் அந்த மூடிய சுழற்சியைக் கைவிட்டு, திறந்த குழாயும் திறந்த வடிகாலுமாக மாற்றியமைத்தார்கள். நம் தொட்டிக் கணக்கு இங்கேதான் வருகிறது.

குழாய் மிகுந்து வடிகால் குறைந்தால் காசு மலியும், விலை ஏறும். இதில் உண்மைப் பணமும் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2012இல் காண முடிந்தது.

அவ்வாண்டு மே 15 அன்று பிளிஸார்ட் நிறுவனம் ‘டயாப்லோ 3’ என்ற விளையாட்டை வெளியிட்டது. முதல் 24 மணி நேரத்திலேயே 35 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. அதனுள் ஓர் ஏலக் கூடம் இருந்தது. ஆடுவோர் தாம் கண்டெடுத்த வாளையும் கவசத்தையும் அங்கே விற்கலாம். முதலில் விளையாட்டுத் தங்கத்துக்கு. ஜூன் முதல் டாலருக்கும்! ஒரு பொருளுக்கு 250 டாலர் வரை விலை வைக்கலாம். விற்பனையாகும் ஒவ்வோர் ஆயுதத்திலும் 1 டாலர் நிறுவனத்துக்குச் சேரும்.

இப்போது ஒரு கணக்கு. நல்ல வாள் ஒன்று ஒரு மணி நேர ஆட்டத்தில் கிடைக்கும் நிகழ்தகவு 500இல் 1 என்று வைத்துக்கொள்வோம். (இது நமது உத்தேச எண்.) 500 மணி நேரம் ஆடினால் நிச்சயம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. கிடைக்காமல் போகும் வாய்ப்பான 499/500ஐ 500 முறை தன்னோடு தானே பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.37 வரும். அதாவது நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்கள். கதிரியக்கச் சிதைவும் இதே கணக்குப்படிதான் நடக்கிறது. சராசரி ஆயுள் கழிந்த பின்னும் நூற்றில் 37 அணுக்கள் சிதையாமல் எஞ்சியிருக்கும். இத்தனை நேரம் காத்திருந்தோமே என்று அணு வருந்துவதில்லை. மனிதன் வருந்துகிறான்.

அதே சமயம் ஒரு லட்சம் பேர் ஆடினால் மணிக்கு 200 வாள்கள் எங்கேனும் கிடைத்துக்கொண்டே இருக்கும். தனக்குப் பயன்படாததை, உதாரணமாக வில்லாளி தனக்குக் கிடைத்த மந்திரக்கோலை, ஏலத்துக்கு அனுப்புவான். எனவே தன் கை வெறுமை, சந்தையோ நிறைவு. அரக்கனோடு போராடுவதைவிட ஏலப் பட்டியலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம் ஆயிற்று. அத்துடன் வாள் தேய்ந்து மறைவதில்லை, கைமாறுகிறது, அவ்வளவே. பொருள்களுக்குப் போதிய வடிகால் இல்லை. ஆகவே நடுத்தரமானவை காசு பெறாமல் போயின. உயர்ந்தவை எட்டாத விலைக்கு ஏறின. பொருள் கிடைக்கும் வாய்ப்பை நிர்ணயிப்பதும் நிறுவனம், விற்பனையில் பங்கு பெறுவதும் நிறுவனம் என்றால் ஆடுவோர் மனத்தில் ஐயம் எழாதா? நானாக இருந்தாலும் ஐயப்பட்டிருப்பேன்.

2013 மே மாதத்தில் வேறொரு கூத்து. ஒரு கட்டாக விற்கக்கூடிய தங்கத்தின் அளவைப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தினார்கள். 32 இருமக் கட்டங்களில், குறியுடன் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,14,74,83,647. பழைய ஸ்கூட்டரின் மீட்டர் 99999 தாண்டியதும் 00000 காட்டுவதைப் போல, தொகை அந்த எல்லையைத் தாண்டியதும் கணக்குப் பிறழ்ந்தது. விற்பனையை ரத்து செய்தவர்களுக்கு வைத்ததைவிட அதிகத் தங்கம் திரும்பி வந்தது! தொட்டிக்குள் ஆறே பாய்ந்தது போலாயிற்று. ஏலக் கூடத்தை மூடிவைத்துத்தான் பிழையைத் திருத்தினார்கள்.

அந்த விளையாட்டின் இயக்குநராக இருந்த ஜே வில்சன், ஏலக் கூடம் விளையாட்டைப் பாதித்தது என்று 2013 மார்ச்சிலேயே பொதுமேடையில் ஒப்புக்கொண்டிருந்தார். 2014 மார்ச் 18 அன்று அதை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, கிடைக்கும் பொருள்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஆடுபவரின் வேடத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும்படி நிகழ்தகவுகளைத் திருத்தியிருந்தார்கள். சிறந்த பொருள்களை இனி விற்கவும் முடியாது.

ஒரு கணக்கு உங்களுக்கு. மேலே கண்ட 500இல் 1 என்ற வாய்ப்போடு 1000 மணி நேரம் ஆடியும் வாள் கிடைக்காதவர் நூற்றுக்கு எத்தனை பேர்? மடக்கை அட்டவணை இல்லாமலே போடலாம், 0.37ஐ வைத்துக்கொண்டு யோசியுங்கள்.