குழந்தைப் பருவப் புற்றுநோய்ப் பதிவேடு: உங்கள் ஊர் முகவரி ஏன் கேட்கப்படுகிறது?

வேடசந்தூரில் வசிக்கும் குழந்தை ஒன்றுக்கு மதுரையில் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, சென்னையில் சிகிச்சை அளிக்கப்படுகிறது எனக் கொள்வோம். அக்குழந்தை எந்த ஊரின் கணக்கில் சேரும்? திண்டுக்கல் மாவட்டத்தின் கணக்கில்தான். மருத்துவமனைப் பதிவேடு தன்னிடம் வந்தவர்களை மட்டுமே எண்ணும். மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடோ, ஒரு நிலப்பகுதியில் நிலையாக வாழ்வோருள் புதிதாக நோயுற்ற ஒவ்வொருவரையும், அவர் எங்குச் சிகிச்சை பெற்றாலும், எண்ண முயல்கிறது.

தமிழகத்தில் சென்னைப் பதிவேடு 1982 முதல் தரவு திரட்டி வருகிறது. திண்டுக்கல் பகுதிக்கும் இது புதிதன்று. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையைத் தளமாகக் கொண்டு, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் துணையுடன் இம்மாவட்டத்தின் பதிவேடு உருவாக்கப்பட்டது. பெருநகர்களிலேயே பதிவேடுகள் மிகுந்திருந்த நாட்டில், சிற்றூர்கள் நிறைந்த ஒரு மாவட்டம் இவ்வாறு கணக்கில் வந்தது குறிப்பிடத்தக்கது.

பதிவு எவ்வாறு நடைபெறுகிறது?

பயிற்சி பெற்ற பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கும் திசுப் பரிசோதனைக் கூடங்களுக்கும் நேரில் சென்று விவரங்களைத் திரட்டுவர். இறப்புப் பதிவுகளையும் ஒப்பிடுவர். ஒரே குழந்தை மூன்று மருத்துவமனைகளுக்குச் சென்றிருக்கலாம். பெயர், வயது, பெற்றோர் பெயர், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு அதனை ஒரே நோயாளியாகவே பதிவர். ஓரிடத்தில் வீட்டுப் பெயரும் மற்றோரிடத்தில் பள்ளிப் பெயரும் கொடுத்தால் இப்பணி இடர்ப்படும்.

பெரியவர்களின் புற்றுநோய் பெரும்பாலும் அது தோன்றிய உறுப்பைக் கொண்டு வகைப்படுத்தப்படும். குழந்தைகளிடம் உயிரணுவின் தன்மையே முதன்மையானது. ஆகவே அவர்களுக்கெனப் பன்னாட்டளவில் 12 முதன்மைப் பிரிவுகள் கொண்ட தனி வகைப்பாடு பின்பற்றப்படுகிறது.

ஒரு குழந்தை விடுபட்டால் என்ன?

குழந்தைப் பருவப் புற்றுநோய் அரிதானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 21.6 இலட்சம் மக்கள் வாழ்ந்த இம்மாவட்டத்திலும், ஓராண்டில் நோயுறும் குழந்தைகளின் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும். சிறிய எண்ணிக்கையில் ஒன்றிரண்டு விடுபட்டாலும் மாவட்டத்தின் நோய் விகிதமே மாறித் தோன்றும். இந்தியப் பதிவேடுகள் பலவற்றில் சிறுவரைவிடச் சிறுமியர் குறைவாகவே காணப்படுகின்றனர். இயற்கையான வேறுபாடு ஓரளவு உண்டு. எனினும், பெண் குழந்தைகள் மருத்துவமனைக்கே அழைத்து வரப்படாமல் போகின்றனரோ என்னும் ஐயத்தை எழுப்புவதும் இக்கணக்கே.

வளர்ந்த நாடுகளில் நோயுற்ற குழந்தைகளுள் 80 விழுக்காட்டினருக்கும் மேல் குணமடைகின்றனர். அனைத்து நாடுகளிலும் 2030க்குள் குறைந்தது 60 விழுக்காட்டினரேனும் உயிர்பிழைக்க வேண்டும் என்பது 2018இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. நம் மாவட்டம் எங்கே நிற்கிறது என்பதை, பதிவான குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தே கூற இயலும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மதுரையிலோ சென்னையிலோ உறவினர் வீட்டில் தங்கியிருப்பினும், உங்கள் நிலையான ஊர், வட்டம் ஆகியவற்றையே மருத்துவமனையில் கூறுங்கள். தங்குமிடத்தைத் தனியே குறிப்பிடலாம். சிகிச்சைக்குப் பின் நலம் விசாரித்து அழைப்பு வந்தால் பதிலளியுங்கள். குழந்தை நலமாக இருப்பதும் பதிய வேண்டிய செய்தியே.

பெண் குழந்தையின் பிற்காலத் திருமணத்தை எண்ணிப் பெற்றோர் சிலர் விவரம் தரத் தயங்குகின்றனர். அச்சம் வேண்டாம். வெளியிடப்படும் அறிக்கைகளில் எண்ணிக்கைகள் மட்டுமே இடம்பெறும். பெயரோ முகவரியோ இடம்பெறாது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இப்பதிவு காப்பீட்டு விண்ணப்பம் ஆகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவைத் தனியே அணுகுங்கள்.