பழைய டிராக்டருக்கு எந்த டயர் மலிவு?

பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த மாஸி 1035, மஹிந்திரா 575 போன்ற டிராக்டர்கள் தமிழ்நாட்டு ஊர்களில் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் வேலையைத் தள்ளிப்போடலாம், கிளட்சை இன்னொரு போகம் சமாளிக்கலாம். டயர் அப்படியில்லை. ஒரே நாளில் மொத்தப் பணத்தையும் எண்ணி வைக்கச் சொல்லும். வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டால், ஒரு ஜோடி பின் டயரின் விலை அநியாயமாகத் தோன்றுவதும் இயல்பே. அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இருக்கிறதிலேயே விலை குறைஞ்சது எது?" என்பதாக இருக்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த வண்டி வருஷத்தில் எத்தனை மணி நேரம், எந்தத் தரையில் ஓடுகிறது? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் டயர், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மலிவானது அல்ல.

டிராக்டரின் பின் டயரில் சாய்வாக நிற்கும் ரப்பர் கட்டைகளே மண்ணைக் கடித்து வண்டியை முன்னே தள்ளுகின்றன. சாதாரண வயல் டயரை ஆர்-1 என்றும், நெல், கரும்பு வயல்களின் சேற்றுக்காக ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரக் கட்டைகளோடு செய்த டயரை ஆர்-2 என்றும் வகைப்படுத்துவார்கள். உயரமான கட்டையைப் பார்த்ததும் 'ரப்பர் நிறைய இருக்கிறது, நாள்பட வரும்' என்று மனம் சொல்லும். தார்ச் சாலையில் நடப்பது வேறு. உயரமான கட்டை பாரத்தில் வளைந்து நெளிந்து, சாலையில் உரசியே சீக்கிரம் தேய்ந்துபோகும். நம் ஊர்ப் பழைய டிராக்டர்களில் பல, வயலில் ஓடுவதைவிட டிரெய்லரோடு சாலையில் ஓடுவதே அதிகம். காவிரிப் படுகை போன்ற நஞ்சைப் பகுதிகளில் தொளி அடிக்கும்போது கேஜ் வீல் மாட்டிவிடுகிறார்கள். பின் டயரைக் கழற்றிவிட்டு முழு இரும்புச் சக்கரத்தையே மாட்டும் வண்டிக்கு, சேற்று டயருக்கென்று கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை. அந்த வண்டியில் டயர் சேற்றையே பார்ப்பதில்லை. கட்டை உயரம் குறைந்த டயர்தான் அதற்கு நெடுநாள் வரும்.

இழுக்கும் வேலையிலும் வேறுபாடு உண்டு. ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்க டயருக்குப் பிடிப்பு நிறைய வேண்டும். ரோட்டாவேட்டரின் கத்திகளோ எஞ்சினிலிருந்து பி.டி.ஓ. தண்டு வழியாக வரும் விசையில் சுழன்று வண்டியைத் தாங்களே முன்னே தள்ளுகின்றன, அங்கே டயருக்கு உழைப்பு குறைவு. ஆகவே டயர் பாதி தேய்ந்துவிட்டது என்பதே மாற்றுவதற்குப் போதிய காரணம் ஆகாது. காய்ந்த இறுகிய மண்ணிலும் சாலையிலும் பாதி தேய்ந்த டயர் வேலையை ஒழுங்காகவே செய்யும். மாற்ற வேண்டுமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல் அளந்து பார்க்கலாம், செலவும் கிடையாது. பின் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கலப்பையை இறக்கி, சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை உழுது, தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் குச்சி ஊன்றுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 15 சதவீதம், இருசக்கர இழுவை வண்டிக்கு இது பெரிய குறையல்ல. ஏழு சுற்றுதான் வந்தது என்றால் வழுக்கல் 30 சதவீதம். பத்தில் மூன்று சுற்றுக்கான டீசல் மண்ணைப் பிறாண்டுவதிலேயே போகிறது என்று அர்த்தம். 'பழைய வண்டிக்கு எதற்குப் புது டயர்?' என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. வண்டி பழசு என்றாலும் அது குடிக்கிற டீசலை இன்றைய விலைக்குத்தான் வாங்குகிறோம்.

வருஷத்தில் சில வாரங்கள் மட்டுமே ஓடும் வண்டியின் கதை தனி. அதன் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் வெடித்துவிடும். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். சூரிய ஒளியும் காற்றும் பட்டுப் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடத் தொடங்கும். இப்படிப்பட்ட வண்டிக்குச் சந்தையிலேயே அதிக விலையுள்ள, 'பத்து வருஷம் வரும்' என்று சொல்லி விற்கும் டயர் தேவையில்லை. நடுத்தர விலை டயரும், வண்டியை நிறுத்த ஒரு கூரையும் போதும். வாங்கும்போது டயர் எப்போது செய்தது என்று பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் தள்ளுபடியில் கிடைக்கும் 'புது' டயர் சில சமயம் கிடங்கிலேயே பல கோடைகளைக் கழித்ததாக இருக்கலாம். அப்படியானால் தள்ளுபடியை இன்னும் கூட்டிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்தது ரீட்ரெடிங். தேய்ந்த டயரின் உடல் நன்றாக இருந்தால், மேலே புது ரப்பர் ஏற்றிக் கட்டைகளை மறுபடி வார்ப்பது இது. இந்தத் தொழிலுக்கான பொருள்களைச் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று, எல்ஜி ரப்பர், கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. ரீட்ரெட் டயரை ஏமாற்று வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. லாரி டயர் வெடித்த கதைகள் அவர்களிடம் கைவசம் இருக்கும். ஆனால் வெயிலில் சூடேறி வேகமாக ஓடும் லாரி டயரும், நடை வேகத்தில் குறைந்த காற்றழுத்தத்தோடு வயலில் உருளும் டிராக்டர் பின் டயரும் ஒன்றல்ல. டிராக்டர் பின் டயர் ரீட்ரெடிங்குக்கு ஏற்ற வகை என்றே சொல்வேன். நிபந்தனை ஒன்றுண்டு. உடல் உங்கள் டயருடையதாக இருக்க வேண்டும். எந்தக் கல்லில் ஏறியது, எத்தனை முறை பஞ்சர் பார்த்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பழைய டயர்க் கடையில் பளபளவென்று கறுப்பு பூசி அடுக்கியிருப்பதன் வரலாறு யாருக்கும் தெரியாது. அதையே வாங்குவது என்றால் உட்புறத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நூல் அறுந்த இடமும், ஒட்டுப் போட்ட இடமும், ரிம்மைப் பற்றும் விளிம்புக் கம்பி வளைந்த இடமும் உள்ளே இருந்துதான் தெரியும். விளிம்புக் கம்பி கெட்ட டயர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

செலவைக் குறைக்க ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும், பெரிய அளவுக்குத் தாவுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு பின் டயர் புதிதாகவும் மற்றது மொட்டையாகவும் இருந்தால் இரண்டின் சுற்றளவும் வேறுபடும். நேராக ஓடும்போதுகூட டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும், வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதே அளவு தேய்ந்த, அதே மாதிரி டயராகத் தேடுவது மேல். அளவைப் பொறுத்தவரை, 13.6-28 என்பதில் முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். இதையே பழைய முறையில் 12-28 என்பார்கள். 12.4-28க்குப் பழைய பெயர் 11-28. பழைய டயரில் இருக்கும் பழைய முறை எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டால் தவறான டயர் வந்து சேரலாம். '14.9 போட்டால் நல்ல இழுவை' என்று யோசனை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டயர் உயர்ந்தால் ஒரு சுற்றில் வண்டி போகும் தூரம் கூடும், அதே கியரில் இழுவிசை குறையும். களைத்த பழைய எஞ்சின்தான் அந்தச் சுமையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிம் அகலம் பொருந்துமா, மட்கார்டில் இடிக்குமா என்பதெல்லாம் அதற்கப்புறம் வரும் தொல்லைகள்.

முன் டயரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 6.00-16 போன்ற முன் டயரின் விலை பின் டயரோடு ஒப்பிட்டால் சிறிது. ஸ்டீயரிங்கும் உயிரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ரீட்ரெட்டோ பழையதோ அங்கே கூடாது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் குற்றவாளி டயர் அல்ல, சக்கர நேர்ப்பாடோ கிங்பின் புஷ்ஷோதான். அதைச் சரி செய்யாமல் மாட்டும் புது டயரும் அதே ஓரத்தில் தேயும். பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால், கழற்றும் நாளில் ரிம்மின் உட்புறத்தையும் பாருங்கள். கசிந்த நீரால் துருப்பிடித்த ரிம் புது டியூபைச் சில மாதங்களிலேயே அறுத்துவிடும்.

விலைக் கணக்கில் அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. டிராக்டர் டயர், டியூபுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அடிப்படை விலை 10,000 ரூபாய் என்றால் முன்பு 11,800 கொடுத்த இடத்தில் இப்போது 10,500தான். புது டயருக்கும் ரீட்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி இதனால் சுருங்கியிருப்பதால், முன்பு போட்ட கணக்கை ஒருமுறை மறுபடி போட்டுப் பார்ப்பது நல்லது. 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டயரின் வரிசை எண்ணும் 5 சதவீத வரியும் எழுதிய பில் கையில் இருந்தால்தான் பக்கச் சுவர் வீங்கும் நாளில் வாரண்டி கேட்டுப் போக முடியும்.